செவிக்கேற்ற இயர்போன்

ஒரே கடை, ஒரே விலை, ஒரே அளவு. ஆயினும் இரண்டு இயர்போன்களை மாற்றி மாற்றிச் செவியில் செருகி ஒரே பாட்டைக் கேட்டால், அஃது இரு வேறு பாட்டாகத் தோன்றுகிறது. ஒன்றில் மிருதங்கத்தின் தொப்பி நெஞ்சை அதிர வைக்கிறது. பாடுபவரோ அடுத்த அறையில் நின்று பாடுவதுபோல் இருக்கிறது. மற்றொன்றில் பாடுபவர் நம் எதிரே அமர்ந்திருக்கிறார்; மிருதங்கமோ தகரப் பெட்டியைத் தட்டுவதுபோல் ஒலிக்கிறது. இஃது ஏன்? இவ்விரண்டில் எதை வாங்குவது?

நம் விடுதியில் இக்கேள்வியைக் கேளாதவர் இலர். படிப்புச் செலவும் சாப்பாட்டுச் செலவும் போக மிஞ்சும் சிறு தொகையில் வாங்கும் பொருள் இது. நாள்தோறும் மூன்று நான்கு மணி நேரம் நம் செவிக்குள் இருக்கும் பொருளும் இதுவே. விலை சிறிதாயினும் அதன் விளைவு சிறிதன்று. ஆகவே இதன் தன்மையைச் சிறிது அறிந்து வாங்குதல் நலம் என எண்ணி, நான் படித்தும் கேட்டும் அறிந்தவற்றை நண்பர்கள் முன் வைக்கிறேன்.

என்னைப் பற்றி ஒரு சொல். நான் காணிப்பாக்கத்தைச் சேர்ந்தவன். வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு. விநாயகர் கோயிலின் நாதஸ்வரமும் தவிலும் இரண்டுக்கும் பொது. ஆதலால் நான் எடுத்துக் காட்டும் சான்றுகளும் பெரும்பாலும் எங்கள் பக்கத்து இசையிலிருந்தே வரும். பொறுத்தருள்க.

ஒலியின் மூன்று பகுதிகள்

பொருள் அதிர்ந்தால் காற்று அதிர்கிறது. காற்று அதிர்ந்தால் செவிப்பறை அதிர்கிறது. ஒரு நொடியில் எத்தனை முறை அதிர்கிறது என்பதே அதிர்வெண். அதன் அலகு ஹெர்ட்ஸ். இளம் செவி ஏறத்தாழ 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். இந்த நீண்ட வீதியை மூன்று பகுதிகளாகப் பிரித்துக்கொண்டால் நமக்கு எளிது.

முதலாவது, கீழொலி. கடைக்காரர் ‘பேஸ்’ என்பது இதனைத்தான். 20 ஹெர்ட்ஸிலிருந்து 250 ஹெர்ட்ஸ் வரை எனக் கொள்ளலாம். பேஸ் கிதாரின் மிகத் தாழ்ந்த தந்தி 41 ஹெர்ட்ஸில் ஒலிக்கிறது. இளையராஜாவின் பாடல்களில் அடியில் ஓடும் பேஸ் கிதாரைக் கேட்டு மகிழாதவர் நம்மில் எவர்? அந்த நடை வாழ்வது இப்பகுதியிலேதான். மிருதங்கத் தொப்பியின் கும்காரமும், தவிலின் தொப்பியில் கோல் விழும் அதிர்வும் இங்கேதான்.

இரண்டாவது, நடுவொலி. 250 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரை. மனிதக் குரலின் உயிர்நிலை இதுவே. பாடுபவரின் சுருதி ஒரு கட்டையாயின் ஆதார சட்ஜம் சுமார் 131 ஹெர்ட்ஸ். ஐந்து கட்டையாயின் சுமார் 196 ஹெர்ட்ஸ். அடிச்சுருதி கீழொலியில் நின்றாலும், ‘இஃது இன்னாருடைய குரல்’ என்று நாம் அடையாளம் காணும் நயங்களெல்லாம் நடுவொலியில் எழும் துணைச் சுரங்களால் வருவன. உயிரெழுத்துக்கள் ஒன்றிலிருந்து ஒன்று வேறுபடுவதும் இப்பகுதியில்தான். நாதஸ்வரம் தெருமுனை வரை கேட்பதற்குக் காரணமும் இப்பகுதியில் அதற்குள்ள பெரும் வலிமையே.

மூன்றாவது, மேலொலி. 4,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்டது. ஜால்ராவின் மினுக்கம், கஞ்சிராவின் சலங்கை, வயலினில் வில் உரசும் நுண்ணொலி, ‘ஸ்’ எனச் சீறும் எழுத்துக்கள் ஆகியவை இங்கே உள்ளன.

ஒரு வாத்தியம் ஒரே பகுதியில் அடங்கிவிடும் என எண்ணுதல் கூடாது. மிருதங்கத்தையே எடுத்துக்கொள்வோம். சாதாரணத் தோற்கருவிகளின் துணையொலிகள் ஒன்றோடொன்று இசையாமல் இரைச்சலாகவே முடியும். வலந்தலையில் பூசிய கரும்பசையினால் மிருதங்கத்தின் துணையொலிகள் தந்தி வாத்தியத்தினுடையவைபோல் ஒழுங்காக அமைகின்றன என்பதை 1920இல் உலகுக்குக் காட்டியவர் நம் சி. வி. இராமன். ஆகவே தொப்பி கீழொலியில் முழங்க, வலந்தலை நடுவொலியில் சுருதி கூட்டுகிறது. விரல் படும் ‘சட்’ என்னும் ஒலி மேலொலிக்கு ஏறுகிறது. ஓர் இயர்போன் கீழொலியை மட்டும் உயர்த்தினால் மிருதங்கத்தின் ஒரு பாதி பெருத்து மறுபாதி மெலிந்துவிடும். ‘ஒலித் தன்மை’ என்று நாம் பேசுவது இந்த ஏற்றத்தாழ்வைத்தான்.

செவிக்குழாய் செய்யும் வேலை

‘எதையும் கூட்டாமல் குறைக்காமல் உள்ளது உள்ளபடி தரும் இயர்போனை வாங்கிவிட்டால் வேலை முடிந்ததே’ என்று நண்பர் ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. ஆனால் ‘உள்ளபடி’ என்பது எது என்பதிலேதான் சிக்கல்.

நம் செவிக்குழாய் ஏறத்தாழ இரண்டரை சென்டிமீட்டர் நீளமுள்ளது. ஒருபுறம் திறந்தும் மறுபுறம் செவிப்பறையால் அடைபட்டும் இருக்கிறது. வாய் திறந்த குப்பியின் மேல் ஊதினால் அது ஒரு குறிப்பிட்ட சுருதியில் ஒலிக்கிறதன்றோ? அதுபோலவே இக்குழாயும் 3,000 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒலியைத் தானே பெருக்கிச் செவிப்பறைக்குக் கொடுக்கிறது. புறச்செவியின் மடல்களும் இதற்குத் துணை செய்கின்றன. பிறந்த நாள் முதல் இப்படியே கேட்டு வருவதால், இந்த ஏற்றத்தையே நம் மூளை இயற்கை என்று கொள்கிறது.

இயர்போனைச் செருகியவுடன் என்ன நிகழ்கிறது? குழாயின் வாய் அடைபடுகிறது. மடல்களுக்கு வேலையில்லாது போகிறது. இயற்கையாகக் கிடைத்த ஏற்றம் மாறிவிடுகிறது. ஆதலால் செய்பவர் அந்த ஏற்றத்தைக் கருவியிலேயே வைத்துத் தரவேண்டும். எவ்வளவு வைப்பது, கீழொலியை எவ்வளவு கூட்டுவது என்பதில்தான் ஒவ்வொரு செய்பவரும் வேறுபடுகின்றனர்.

இத்துறையில் இரண்டு முயற்சிகளைக் குறிப்பிடல் தகும். அமெரிக்காவில் 1983இல் மீட் கில்லியன் என்னும் செவிப்புல அறிஞர் எட்டிமோட்டிக் ரிசர்ச் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். காது கேட்கும் கருவிகளில் பயின்ற கை அது. 1991இல் அந்நிறுவனம் ஈஆர்-4 என்னும் இயர்போனை வெளியிட்டது. நாற்புறமும் இருந்து ஒலி சமமாக வந்தால் திறந்த செவியின் பறையில் எவ்வாறு விழுமோ, அவ்வாறே கருவி தரவேண்டும் என்பது அதன் குறிக்கோள். இரண்டாவது, ஹார்மன் நிறுவனத்தில் ஷான் ஆலிவ், டாட் வெல்டி முதலியோர் 2012 முதல் செய்த ஆராய்ச்சி. இவர்கள் கேட்பவரையே கேட்டனர். நல்ல அறையில் நல்ல ஒலிபெருக்கி தரும் ஒலியைப் போன்றதையே பெரும்பாலோர் விரும்பினர். அதற்குக் கீழொலி சிறிது உயர்ந்திருக்க வேண்டும் எனக் கண்டனர்.

ஆயினும் எல்லாரும் ஒரே சுவையினர் அல்லர். தலைமேல் அணியும் ஹெட்போன்களை வைத்து அவர்கள் செய்த ஒரு சோதனையில், நூற்றுக்கு 64 பேர் இந்த நடுத்தர அளவை விரும்பினர். 15 பேர் கீழொலி இன்னும் மிகுதியாக வேண்டும் என்றனர். 21 பேர் குறைய வேண்டும் என்றனர். உன் நண்பனுக்குப் பிடித்தது உனக்குப் பிடிக்காமற்போனால் இருவரில் ஒருவர் செவி பழுது என்று சண்டையிட வேண்டுவதில்லை என்பதற்கு இதுவே சான்று.

மூவகைக் குணம்

கடையில் கிடைப்பவற்றைப் பெரும்பாலும் மூன்று குணங்களாக வகுக்கலாம்.

கீழும் மேலும் உயர்ந்து, நடு தாழ்ந்தவை ஒரு வகை. ஒலியளவை வரைபடமாக எழுதினால் பள்ளத்தாக்குப் போலத் தோன்றும். இவற்றைக் கேட்டவுடன் ‘அடடா’ என்போம். தாளமும் மினுக்கமும் முன்வந்து நிற்கும். புதிய திரைப்படப் பாடல்களுக்கும் ஆட்டத்திற்கும் ஏற்றவை. ஆனால் பாடலின் சொற்கள் பின்வாங்கும்.

நடுவொலி தெளிந்து, கீழொலி அளவோடு நிற்பவை இரண்டாம் வகை. முதற் கேள்வியில் வெறிச்சென்று தோன்றும்; பத்து நாள் பழகினால் விடமாட்டோம். கச்சேரிக்கும், சொற்பொழிவுக்கும், இணையவழி வகுப்புக்கும் இவையே ஏற்றவை.

கீழொலியும் நடுவொலியின் அடிப்பகுதியும் உயர்ந்து, மேலொலி தணிந்தவை மூன்றாம் வகை. குளிர்காலத்துக் கம்பளிபோல் கதகதப்பானவை. நெடுநேரம் கேட்டாலும் செவி களைக்காது. ஆயினும் வயலினின் நுண்மையும் தம்புராவின் ஜீவாவும் மங்கும்.

எடுத்துக்காட்டால் விளக்குகிறேன். எங்கள் மாவட்டத்தின் பெயரைத் தம் பெயரோடு தாங்கிய சித்தூர் சுப்பிரமணிய பிள்ளை (1898–1975) லயத்தில் வல்லவர். 1954இல் சங்கீத கலாநிதிப் பட்டம் பெற்றவர். அவருடைய குரு காஞ்சிபுரம் நாயனா பிள்ளை. மிருதங்கத்தோடு கஞ்சிரா, கடம், கொன்னக்கோல் எனப் பல தாளக் கருவிகள் சூழப் பாடும் ‘புல் பெஞ்ச்’ கச்சேரிகளுக்குப் பெயர் பெற்றவர் அவர். அத்தகைய கச்சேரியைப் பள்ளத்தாக்கு வகையில் கேட்டால் கருவிகள் மட்டும் மிஞ்சும். கணக்கை நடத்திச் செல்லும் குரல் மறையும். இரண்டாம் வகையில் கேட்டால் எந்தக் கை எதை வாசிக்கிறது என்பது பிரிந்து தெரியும்.

இன்னொன்று. மின்சார ஒலிப்பதிவு 1925இல் வந்தது. அதற்கு முந்திய இசைத்தட்டுகளில் ஆழ்ந்த கீழொலியும் உயர்ந்த மேலொலியும் பதிவாகவே இல்லை. பின்வந்த 78 சுற்றுத் தட்டுகளிலும் அவை குறைவே. பதிவில் இல்லாததை இயர்போன் எங்கிருந்து கொண்டு வரும்? கீழொலியை உயர்த்தினால் தட்டுச் சுழலும் முழக்கமும், மேலொலியை உயர்த்தினால் ஊசி உரசும் இரைச்சலுமே பெருகும். பழைய வித்துவான்களைக் கேட்க விரும்புவோர் நடுவொலி நன்கமைந்ததையே நாடவேண்டும்.

இரட்டைப் பிள்ளைகள்

‘விலை கூடினால் கீழொலி கூடும்’, ‘உள்ளே பெரிய டிரைவர் இருந்தால் பேஸ் மிகுதி’ என்னும் நம்பிக்கைகள் நம்மிடையே உலவுகின்றன. இவை எவ்வளவு உண்மை?

ஒலியை உண்டாக்கும் உறுப்பே டிரைவர். டைனமிக் டிரைவர் என்பது ஒரு சிறிய ஒலிபெருக்கி; காந்தத்தின் நடுவே சுருள்கம்பி அசைந்து மெல்லிய தகட்டைத் தள்ளுகிறது. பேலன்ஸ்டு ஆர்மேச்சர் என்பது காந்தங்களுக்கிடையே நாக்குப்போல் அசையும் மெல்லிய இரும்புத் துண்டு. காது கேட்கும் கருவிகளிலிருந்து வந்தது. இரண்டிலும் நல்லவை உண்டு, அல்லாதவையும் உண்டு. குணத்தை முடிவு செய்வது வகையோ மில்லிமீட்டரோ மட்டுமன்று. காற்றறை, துளை, வடிகட்டித் துணி ஆகியவற்றைச் செய்பவர் எவ்வாறு அமைத்தார் என்பதே.

மேற்சொன்ன ஈஆர்-4 வரிசையிலேயே இதற்குச் சான்று உண்டு. 2016இல் அந்நிறுவனம் ஈஆர்4எஸ்ஆர், ஈஆர்4எக்ஸ்ஆர் என இரண்டை ஒருசேர வெளியிட்டது. இரண்டிலும் ஒற்றை ஆர்மேச்சர், உருவமும் ஒன்றே. எஸ்ஆர் ஒலிப்பதிவு அறைக்குரிய நேர்மையை நாடுவது. எக்ஸ்ஆர் அதே ஒலியில் கீழ்ப்பகுதியைச் சிறிது உயர்த்தியது. இரட்டைப் பிள்ளைகளில் ஒருவன் மட்டும் சற்றுக் கனத்த குரலில் பேசுவதுபோல. ஒன்று உயர்ந்தது, மற்றொன்று தாழ்ந்தது என்று செய்தவரே கூறவில்லை. கேட்பவர் இரு திறத்தினர் என அறிந்து இரண்டையும் வைத்தனர். நமக்கு எட்டும் விலையில் இன்று வரும் இயர்போன்களும் இதே முறையில்தான் வேறுபடுகின்றன. ஆகவே ‘எது சிறந்தது?’ என்று கேட்பதைவிட, ‘நான் கேட்பதற்கு எது பொருந்தும்?’ என்று கேட்பதே பயன் தரும்.

பேருந்திலும் நூலகத்திலும்

எதைக் கேட்கிறோம் என்பதோடு எங்கே கேட்கிறோம் என்பதும் முக்கியம். இதனைச் சோதிக்க, விலை ஒத்த இரண்டு இயர்போன்களை எடுத்துக்கொண்டேன். ஒன்று பள்ளத்தாக்கு வகை, என்னுடையது. மற்றது நடுவொலி வகை, அறைத் தோழனுடையது. பெயர்கள் இங்கே வேண்டுவதில்லை. நூலகத்தின் அமைதியில் கேட்டபோது தோழனுடையதே எனக்கு இனித்தது. சித்தூரிலிருந்து திருப்பதிக்கு வரும் பேருந்தில் கேட்டபோது முடிவு மாறியது. தோழனுடையதில் மிருதங்கமே இல்லாதது போலாயிற்று; என்னுடையது நிறைவாக ஒலித்தது.

காரணம் எளிது. பேருந்து எஞ்சினின் உறுமல் பெரும்பாலும் கீழொலியே. ஒத்த சுருதியுள்ள பேரொலி சிற்றொலியை விழுங்கிவிடும். வெளி இரைச்சல் பாட்டின் கீழொலியை விழுங்க, எஞ்சியது நடுவும் மேலுமே. அவ்வேளையில் நம் கை தானே ஒலியளவைக் கூட்டும் பொத்தானுக்குச் செல்கிறது. ஆபத்து பிறக்கும் இடம் இதுதான்.

இதற்கு மருந்து பேஸ் மிகுந்த இயர்போன் அன்று. செவிக்குழாயை நன்கு அடைக்கும் ரப்பர் முனையே. பெட்டியில் சிறிது, நடுத்தரம், பெரிது என மூன்று இணை முனைகள் வரும். நம்மில் பலர் நடுத்தரத்தோடு நின்று, மற்றவற்றைப் பெட்டியிலேயே உறங்க விடுகிறோம். முனை சரியாக அடையாவிட்டால் இரண்டு கேடுகள். வெளி இரைச்சல் உள்ளே வரும். உள்ளே பிறந்த கீழொலி கசிந்து வெளியேறும். சிறு அறையில் அழுத்தம் நின்றால்தான் கீழொலி நிற்கும். இடுக்கு இருந்தால் ஓடிவிடும். ‘இந்த இயர்போனில் பேஸே இல்லை’ என்று தள்ளப்படுபவற்றில் பல, முனை பொருந்தாதவையே. சோதனை எளிது: பாட்டு ஓடும்போது இயர்போனை மெல்ல உள்நோக்கி அழுத்துக. கீழொலி சட்டென்று பெருகினால் இட்டிருந்த முனை தவறு. என் செவிகளில் இடப்புறத்திற்கு நடுத்தரமும் வலப்புறத்திற்குப் பெரியதும் பொருந்துகின்றன. இரு செவியும் ஒன்றே என எண்ணுதல் வேண்டா.

ஒரு கணக்கும் பார்ப்போம். பேருந்துக்குள் 80 டெசிபெல் இரைச்சல் என்று வைத்துக்கொள்வோம். முனை அடையாதபோது பாட்டுத் தெளிவாகக் கேட்க அதற்கு மேல் 10 டெசிபெல் ஏற்றி 90இல் வைப்போம். முனை நன்கு அடைந்து 20 டெசிபெல்லைத் தடுத்தால் உள்ளே வரும் இரைச்சல் 60. அப்போது 70 டெசிபெல்லே போதும். கேட்கும் இன்பம் ஒன்றே. செவி தாங்கும் சுமையோ வேறு. ஆனால் சாலையில் நடக்கும்போதும் இருசக்கர வண்டி ஓட்டும்போதும் இந்த அடைப்பே பகையாகும் என்பதை மறவற்க.

செவிச் செல்வம்

இனி, இக்கட்டுரையை எழுதத் தூண்டிய செய்தியைச் சொல்கிறேன். என் தாய்மாமன் தவில் வித்துவான். நாற்பது ஆண்டுகள் கோயிலிலும் கல்யாணத்திலும் வாசித்தவர். இன்று அவரிடம் நான் பேசினால், “சத்தம் கேக்குதுடா, சொல்லுதான் கேக்கலை” என்கிறார். உரக்கப் பேசினால், “ஏண்டா கத்தறே?” என்று கோபிக்கிறார். பேருந்து வரும் ஒலி கேட்கிறது. ‘பஸ்’ என்ற சொல்லின் கடைசி எழுத்துக் கேட்பதில்லை. இரவில் சுற்றும் அமைதியானால், காதுக்குள் சில்வண்டு கத்துவதுபோல் ஒலி எழுகிறதாம்.

இது விளங்காத புதிரன்று. உட்செவியில் நத்தை ஓடுபோல் சுருண்ட உறுப்பு ஒன்று உள்ளது. அதனுள் ஏறத்தாழ 15,000 நுண்மயிர் உயிரணுக்கள் வரிசையாக அமைந்துள்ளன. அதன் வாயிலருகே இருப்பவை மேலொலியையும், உள்ளே முனையில் இருப்பவை கீழொலியையும் உணர்கின்றன. பேரொலியால் பெரும்பாலும் முதலில் அழிபவை 4,000 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒலியை உணர்பவை. மெய்யெழுத்துக்களின் கூர்மை வாழும் இடம் அதன் பக்கத்தில்தான். ஆகவே உயிரொலி நிற்க மெய்யொலி மறைகிறது. சத்தம் இருக்கிறது, சொல் இல்லை.

எங்கள் ஊர்த் தலபுராணத்தில் மூன்று சகோதரர் வருகின்றனர். ஒருவர் கண் காணாதவர், ஒருவர் வாய் பேசாதவர், ஒருவர் செவி கேளாதவர். நிலத்துக்கு நீர் வேண்டிக் கிணற்றை ஆழப்படுத்துகையில் கருவி கல்லில் பட்டுக் குருதி பெருகிற்று என்றும், அக்கணமே மூவர் குறையும் நீங்கிற்று என்றும் சொல்வர். செவி திரும்பக் கிடைப்பதை மக்கள் தெய்வச் செயலாக வைத்துப் பேசியதன் காரணத்தை என் மாமனைக் கண்டபின் நான் உணர்ந்தேன். மனிதனின் நுண்மயிர் உயிரணுக்கள் ஒருமுறை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை.

என் மாமனுக்குத் தவில் தொழில், வேறு வழியில்லை. நமக்கோ ஒலியளவுப் பொத்தான் நம் விரலிலேயே உள்ளது. உலகச் சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் 2019இல் வெளியிட்ட நெறிப்படி, 80 டெசிபெல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். மூன்று டெசிபெல் ஏறும்தோறும் நேரம் பாதியாகும். 83இல் 20 மணி. 86இல் 10 மணி. 89இல் 5 மணி. 92 டெசிபெல்லில் கேட்பவருக்கு வாரம் முழுமைக்கும் இரண்டரை மணி நேரமே உண்டு. சித்தூருக்கு ஒருமுறை போய்வந்தால் அது தீர்ந்துவிடும். பன்னிரண்டு முதல் முப்பத்தைந்து வயதுக்குட்பட்டோரில் நூறு கோடிக்கு மேற்பட்டவர் இத்தகைய பழக்கத்தால் செவிப்புலனை இழக்கும் ஆபத்தில் உள்ளனர் என அந்நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. நாம் அந்த வயதினரே.

இதற்கும் ஒலித் தன்மைக்கும் தொடர்பு யாது? நாம் எதைத் தேடிக் கேட்கிறோமோ அதனை இயர்போன் பின்தள்ளினால், அதனை எட்டிப் பிடிக்க முழு ஒலியையும் உயர்த்துகிறோம். நடுவொலி தாழ்ந்த கருவியில் ஆசிரியரின் விரிவுரையைக் கேட்பவன், சொல் விளங்குவதற்காக வேண்டாத கீழொலியையும் சேர்த்தே பெருக்குகிறான். பொருத்தமான தன்மையுடையதைத் தேர்ந்தால் தாழ்ந்த ஒலியிலேயே மனம் நிறைகிறது. தேர்வு சுவைக்காக மட்டுமன்று, செவிக்காகவும்தான்.

கடையில் நிற்கும்போது

இனி நடைமுறைக்கு வருவோம். எங்கள் ஊர்ப் பிள்ளையார் முன் பொய்ச் சத்தியம் செய்ய எவரும் அஞ்சுவர். இயர்போன் பெட்டிகளை அச்சிடுவோருக்கு அந்த அச்சம் இல்லை போலும்! ‘20 முதல் 20,000 ஹெர்ட்ஸ்’ என்று எல்லாப் பெட்டியிலும் உள்ளது. எந்த அதிர்வெண் எவ்வளவு உரக்க என்பதைச் சொல்லாதவரை அவ்வெண்ணால் பயனில்லை. ‘எக்ஸ்ட்ரா பேஸ்’ என்பது எவ்வளவு எக்ஸ்ட்ரா என்பதும் அவ்வாறே. அளந்து வரைந்த படம் கிடைத்தால் அதைப் பார்க்க. இடக்கோடியில் மேடு எவ்வளவு, நடுவில் பள்ளம் உண்டா, 3,000 ஹெர்ட்ஸை ஒட்டி ஏற்றம் உண்டா, வலக்கோடியில் கூர்முனைகள் உண்டா எனக் காண்க. ஆயிரம் சொற்கள் சொல்லாததை அந்தக் கோடு சொல்லும்.

கேட்டுப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால், நன்கு பழகிய இரண்டு பாடல்களைக் கையில் கொண்டு செல்க. ஒன்று கச்சேரிப் பாடல், மற்றொன்று திரைப்பாடல். இவற்றோடு ஐந்து நிமிட உரை ஒன்றும் இருக்கட்டும். முதலில் முனையைப் பொருத்துக. பின்னர் ஒலியளவை ஒப்பாக்குக. இஃது இன்றியமையாதது. ஒலி தாழ்ந்தால் நம் செவி கீழொலியை மற்றவற்றைவிட விரைவில் இழக்கிறது என்று பிளெட்சர், மன்சன் என்னும் இருவர் 1933இலேயே காட்டினர். அதனால் சற்று உரக்க ஒலிப்பது எப்போதும் நிறைவாகத் தோன்றும். இரண்டு இயர்போன்களில் ஒன்று சற்று உரத்திருந்தாலே ‘இதுவே சிறந்தது’ என்று மயங்குவோம். குரல் இரண்டிலும் ஒரே உரப்பில் கேட்குமாறு வைத்த பின்னரே ஒப்பிடுக. அமைதியில் தாழ்ந்த ஒலியில் கேட்பவர்களுக்குக் கீழொலி சிறிது உயர்ந்திருப்பது நன்மையே என்பதும் இவ்வுண்மையிலிருந்து பெறப்படும்.

அதன்பின் மூன்று கேள்விகள். உரையில் ஒவ்வொரு சொல்லும் முயற்சியின்றி விளங்குகிறதா? மிருதங்கத்தின் தொப்பியும் வலந்தலையும் இரண்டுமே கேட்கின்றனவா? பதினைந்து நிமிடம் கழித்தும் செவி உறுத்தாமல் இருக்கிறதா? மூன்றுக்கும் ஆம் என்றால் வாங்குக. வகுப்பும் உரையும் கச்சேரியும் மிகுதியாகக் கேட்பவர் நடுவொலி வகையையும், புதுப்பாடல்களில் திளைப்பவர் அளவான பள்ளத்தாக்கு வகையையும், இரவு படித்துக்கொண்டே நெடுநேரம் கேட்பவர் கதகதப்பு வகையையும் நாடலாம். கைப்பேசியின் ஈக்வலைசரைக் கொண்டு சிறு குறைகளைத் திருத்திக்கொள்ளவும் முடியும். அப்போது குறைவானதை ஏற்றுவதைவிட மிகையானதைத் தாழ்த்துவது மேல். மொத்த ஒலி ஏறாமல் இருக்கும்.

தமிழில் கேட்டறிவைக் ‘கேள்விச் செல்வம்’ என்று முன்னோர் போற்றினர். பாட்டும் பாடமும் இன்று நம் செவிக்கு வரும் வழி பெரும்பாலும் இந்த ரப்பர் முனையின் வழியே. நண்பர்கள் இன்றிரவே பெட்டியைத் திறந்து, உறங்கும் மற்ற இரண்டு இணை முனைகளையும் ஒருமுறை பொருத்திப் பார்ப்பார்களாக. புதிய இயர்போன் வாங்கும் செலவே சிலருக்கு மிஞ்சக்கூடும்.